கூட்டு அசமன்பாடுகளைத் தீர்க்கும் முறை

சமன்பாடுகளைத் தீர்த்துப் பழகிய மாணாக்கர், விடை என்றால் ஓர் எண், அல்லது விரல்விட்டு எண்ணத்தக்க சில எண்கள் என்றே கருதிவிடுவது இயல்பு. ஆயினும் உலக விவகாரங்களை உற்று நோக்குவோமாயின், இன்ன எண் என்று திட்டமாகச் சொல்லக்கூடிய சந்தர்ப்பங்களைக் காட்டிலும், இதற்குக் குறையாமலும் அதற்கு மிகாமலும் இருத்தல் வேண்டும் என்று எல்லைகளை மட்டுமே விதிக்கக்கூடிய சந்தர்ப்பங்களே மிகுதி என்பது புலனாகும். இவ்வாறு ஒரே எண்ணின்மீது இரண்டோ அதற்கு மேற்பட்டனவோ ஆன நிபந்தனைகளை விதித்து, அவற்றை ‘மற்றும்’ என்றோ ‘அல்லது’ என்றோ இணைத்துக் கூறும் வாக்கியத்தைக் கூட்டு அசமன்பாடு என்கிறோம்.

இத்தகைய வாக்கியத்துக்குக் கணித சரித்திரம் அளிக்கும் மிகச் சிறந்த உதாரணம், கி.மு. மூன்றாம் நூற்றாண்டில் சிரக்கூஸ் நகரத்தில் வாழ்ந்த ஆர்க்கிமிடீஸ் கண்டதாகும். வட்டத்தின் சுற்றளவு அதன் விட்டத்தைப்போல் எத்தனை மடங்கு என்னும் வினாவுக்கு அவர் ஒரே எண்ணை விடையாகக் கூறவில்லை. வட்டத்துக்கு உள்ளே 96 பக்கங்களையுடைய ஒழுங்கான பலகோணம் ஒன்றையும், வெளியே அதே தொகையான பக்கங்களையுடைய மற்றொன்றையும் கருதி, வட்டத்தின் சுற்றளவு முன்னதன் சுற்றளவினும் பெரிது, பின்னதன் சுற்றளவினும் சிறிது என்னும் நியாயத்தைக்கொண்டு, அந்த விகிதம் 223/71 என்பதற்கு மேலும் 22/7 என்பதற்குக் கீழும் இருந்தே தீரவேண்டும் என்று நிரூபித்தார். பள்ளியில் நாம் கற்கும் 22/7 என்னும் பின்னம் அவருடைய மேல் எல்லையே அன்றி வேறன்று. பல நூற்றாண்டுகளுக்குப் பின் நம் நாட்டில் ஆரியபடர் 62832/20000, அதாவது 3.1416, என்று கூறி, இது அணுகிய மதிப்பே என்று நேர்மையுடன் குறிப்பிட்ட எண்ணும் அந்த இரு எல்லைகளுக்குள்ளேயே அடங்குகிறது. விகிதத்தை π என்று குறித்தால், ஆர்க்கிமிடீஸின் முடிபு இவ்வாறு அமையும்:

223/71 < π < 22/7

இதன் பயனை ஒரு கணக்கால் காணலாம். 497 அடி விட்டமுள்ள வட்டம் ஒன்றை எடுத்துக்கொண்டு, மேற்கண்ட வாக்கியத்தின் மூன்று பகுதிகளையும் 497 ஆல் பெருக்கினால், சுற்றளவு 1561 அடிக்கு மேலும் 1562 அடிக்குக் கீழும் உள்ளது என்று வருகிறது. விகிதத்தின் சரியான மதிப்பை அறியாமலே, ஏறத்தாழ ஐந்நூறு அடி அகலமுள்ள வட்டத்தின் சுற்றளவை ஓர் அடி இடைவெளிக்குள் அடைத்துவிட்டோம். எல்லைகளைக் கூறுவது அறியாமையை ஒப்புக்கொள்வதாகாது. நாம் நிச்சயமாக அறிந்தது எவ்வளவு என்பதைத் துல்லியமாக உரைப்பதாகும்.

குறியீடுகளைப் பற்றிச் சில சொற்கள். சமம் என்பதற்கு இரு இணைகோடுகளை இடும் வழக்கத்தை 1557-இல் வேல்ஸ் நாட்டு வைத்தியரான ராபர்ட் ரெக்கார்டு தொடங்கிவைத்தார். சிறிது, பெரிது என்பனவற்றைக் காட்டும் < மற்றும் > என்னும் குறிகள் 1631-இல், தாமஸ் ஹாரியட் என்னும் ஆங்கிலேயக் கணித அறிஞர் காலமாகிப் பத்து ஆண்டுகள் கழிந்தபின் வெளிவந்த அவருடைய நூலில் அச்சேறின. சமமாகவும் இருக்கலாம் என்னும் கருத்தைச் சேர்த்து உணர்த்தும் குறியோ அதற்கும் ஒரு நூற்றாண்டு பிந்தியது. பிரெஞ்சு அறிஞர் பியேர் பூகேர் 1734-இல் அதனைக் கையாண்டார். நாம் இன்று ≤ என்றும் ≥ என்றும் எழுதுகிறோம். குறியின் அடியில் இடப்படும் அந்தச் சிறு கோட்டைத்தான் மாணாக்கர் பலர் அலட்சியம் செய்கின்றனர். எல்லையாக நிற்கும் எண் விடையில் சேருமா, சேராதா என்பது முழுவதும் அக்கோட்டையே பொறுத்தது.

அறியப்படாத எண்ணைக் குறிக்க இந்நூலில் ‘ய’ என்னும் எழுத்தை வழங்குகிறோம். பாஸ்கராசாரியர் முதலிய நம் பீஜகணித ஆசிரியர்கள் அறியாத தொகையை யாவத்தாவத் என்று பெயரிட்டு, அதன் முதலெழுத்தால் சுட்டிவந்த மரபைத் தழுவியது இது.

இனி விதிகளுக்கு வருவோம். அசமன்பாட்டின் இருபுறமும் ஒரே எண்ணைக் கூட்டலாம், கழிக்கலாம். ஒரே மிகை எண்ணால் பெருக்கலாம், வகுக்கலாம். இவற்றால் குறியின் திசை மாறுவதில்லை. சமன்பாட்டில் பழகியவருக்கு இவற்றில் புதுமை ஏதும் இல்லை. குறை எண்ணால் பெருக்கும்போதும் வகுக்கும்போதும் குறியைத் திருப்பிவிட வேண்டும் என்பது ஒன்றே புதிய விதி. அதனைக் காரணம் அறியாமல் மனப்பாடம் செய்கிறவர்கள், வேண்டிய இடத்தில் திருப்ப மறந்தும், வேண்டாத இடத்தில் திருப்பியும் இடர்ப்படுகின்றனர். ஆதலால் காரணத்தை இங்கே சற்று நின்று நோக்குவது நலம்.

அ < ஆ என்பது உண்மை என்று கொள்வோம். இருபுறமிருந்தும் (அ + ஆ) என்னும் தொகையைக் கழித்தால், இடப்புறத்தில் −ஆ என்பதும் வலப்புறத்தில் −அ என்பதும் எஞ்சும். கழித்தலால் குறி மாறுவதில்லை என்பது முன்னரே ஒப்புக்கொண்ட விதி. ஆகவே −ஆ < −அ. இதனையே மறுபுறமிருந்து வாசித்தால் −அ > −ஆ என்றாகிறது. பெருக்கலைப் பற்றிய பேச்சே எழாமல், வெறுங் கழித்தலைக்கொண்டே, இருபுறமும் −1 ஆல் பெருக்கிய வாக்கியத்தைப் பெற்றுவிட்டோம். குறியும் தானே திரும்பிவிட்டது. எண்கோட்டில் பூஜ்யத்தின்மீது ஒரு நிலைக்கண்ணாடியை நிறுத்தினால், வலப்புறத்தில் அதிகத் தொலைவில் நின்றது இடப்புறத்திலும் அதிகத் தொலைவில் தோன்றுவதுபோல, முன்பு பெரியதாயிருந்தது இப்போது சிறியதாகிறது. 3 ஐவிட 7 பெரிது; −3 ஐவிட −7 சிறிது.

இப்போது ‘மற்றும்’ என்னும் இணைப்பை உடைய கணக்குகளை எடுத்துக்கொள்வோம். ‘ய என்பது −4 ஐவிடப் பெரிது, மற்றும் 4 ஐவிடப் பெரிதன்று’ என்னும் இரு வாக்கியங்களை −4 < ய ≤ 4 என்று ஒரே தொடராக எழுதுவது வழக்கம். தொடர் எவ்வளவு சுருக்கமாயிருப்பினும், அதனுள் இரு வாக்கியங்கள் அடங்கியிருக்கின்றன என்பதையும், இரண்டும் ஒருங்கே உண்மையாக வேண்டும் என்பதையும் ஒருபோதும் மறத்தலாகாது. பின்வருவதைப் பாருங்கள்:

−5 < 2ய + 3 ≤ 11

நடுவில் ய தனித்து நிற்கவேண்டும் என்பதே நம் நோக்கம். மூன்று பகுதிகளிலிருந்தும் 3 ஐக் கழித்தால் −8 < 2ய ≤ 8 என்றும், மூன்றையும் 2 ஆல் வகுத்தால் −4 < ய ≤ 4 என்றும் வரும். எண்கோடு ஒன்றை வரைந்து, −4 இருக்கும் இடத்தில் உள்ளீடற்ற வட்டத்தையும், 4 இருக்கும் இடத்தில் நிரப்பிய வட்டத்தையும் இட்டு, இடைப்பட்ட பகுதியைத் தடித்த கோடாக்கினால் தீர்வுக் கணம் கண்முன் நிற்கும். அடைப்புக்குறிகளால் எழுத விரும்புவோர் (−4, 4] என்று எழுதுவர், வளைந்த அடைப்பு அந்த எல்லையை விலக்குகிறது, சதுர அடைப்பு சேர்க்கிறது.

விடையைச் சோதிக்காமல் விடுவது நல்ல வழக்கமன்று. சோதனைக்கு மூன்று எண்கள் போதும்: இரு எல்லைகளும், இடையே சுலபமான ஓர் எண்ணும். ய = 0 என்றால் நடுப்பகுதி 3; அது −5 க்கும் 11 க்கும் இடைப்பட்டதே. ய = 4 என்றால் 11; சமமாகலாம் என்ற அனுமதி இருப்பதால் ஏற்கத்தக்கது. ய = −4 என்றால் −5; இங்கே சமமாக அனுமதி இல்லையாதலால் தள்ளத்தக்கது. வட்டங்களை எவ்வாறு இட்டோமோ அவ்வாறே சோதனையும் கூறுகிறது.

அடுத்து 1 ≤ 7 − 3ய < 16 என்பதை எடுத்துக்கொள்வோம். 7 ஐக் கழித்தால் −6 ≤ −3ய < 9. இனி −3 ஆல் வகுக்கவேண்டும். இரு குறிகளும் ஒருங்கே திரும்பவேண்டும். 2 ≥ ய > −3 என்று வருவதை, சிறியது இடப்புறம் வருமாறு மாற்றி −3 < ய ≤ 2 என்று எழுதுவதே அழகு. மாற்றி எழுதும்போது அடிக்கோடு எந்த எண்ணுடன் இருந்ததோ அந்த எண்ணுடனேயே செல்லவேண்டும். இங்கே 2 உடன் இருந்தது; 2 உடனேயே நிற்கிறது.

சில கணக்குகளில் ய மூன்று பகுதிகளிலும் பரவிக் கிடக்கும். 2ய − 1 < 3ய + 4 ≤ ய + 14 என்பது அத்தகையது. இங்கே எதைக் கூட்டினாலும் கழித்தாலும் நடுவில் மட்டும் ய நிற்குமாறு செய்ய இயலாது; தொடரை இரண்டாகப் பிரிப்பதே வழி. முதற்பாதியாகிய 2ய − 1 < 3ய + 4 என்பதிலிருந்து ய > −5 என்றும், பிற்பாதியாகிய 3ய + 4 ≤ ய + 14 என்பதிலிருந்து ய ≤ 5 என்றும் பெறுகிறோம். இரண்டும் ஒருங்கே வேண்டுமாதலால் −5 < ய ≤ 5. எந்தத் தொடரையும் இவ்வாறு பிரித்துத் தீர்க்கலாம் என்பதால், ஐயம் தோன்றும்போதெல்லாம் பிரித்துவிடுங்கள் என்பதே என் யோசனை.

‘மற்றும்’ என்பதற்கு விடை, இரு தீர்வுக் கணங்களுக்கும் பொதுவான பகுதி, அதாவது அவற்றின் வெட்டு. பொதுவான பகுதி எப்போதும் இரு எல்லைகளுக்கு இடைப்பட்டதாகவே இருக்கும் என்று எண்ணிவிடக்கூடாது. ய > 2 மற்றும் ய > 5 என்றால் பொதுப்பகுதி ய > 5 மட்டுமே. முதல் நிபந்தனை இரண்டாவதனுள் அடங்கிப்போகிறது. 3ய + 2 > 14 மற்றும் 2ய − 1 ≤ 5 என்றால், முதலாவது ய > 4 என்றும் இரண்டாவது ய ≤ 3 என்றும் ஆகும். இரண்டுக்கும் பொதுவான எண் ஒன்றேனும் இல்லை. தீர்வுக் கணம் வெற்றுக் கணம். இவ்விடத்தில் 4 < ய ≤ 3 என்று எழுதி ஒரு விடை கிடைத்துவிட்டதாகத் திருப்தி அடைகிறவர்கள் உளர். அத்தொடரை நடுவிலுள்ள ய இன்றி வாசித்தால் 4 < 3 என்றாகிறது. இறுதியில் எழுதிய தொடரின் இரு கோடிகளையும் இவ்வாறு ஒப்பிட்டுப் பார்க்கும் பழக்கம் பல பிழைகளிலிருந்து காக்கும்.

ஒரு நிபந்தனை மற்றொன்றினுள் அடங்கிப்போவதற்கு ஜியோமிதியிலிருந்து நல்ல உதாரணம் ஒன்று உண்டு. முக்கோணத்தின் எந்த இரு பக்கங்களின் கூட்டுத்தொகையும் மூன்றாம் பக்கத்தைவிடப் பெரிது என்பது யூக்ளிடின் முதற்புத்தகத்தில் 20-ஆம் பிரமேயம். இரு பக்கங்கள் 7, 11 அங்குலங்கள் என்றும் மூன்றாவது ய அங்குலங்கள் என்றும் கொண்டால், மூன்று நிபந்தனைகள் எழுகின்றன: ய + 7 > 11, ய + 11 > 7, 7 + 11 > ய. இவை முறையே ய > 4, ய > −4, ய < 18 என்றாகும். நடுவிலுள்ள நிபந்தனை முதலாவதனுள் அடங்கிவிடுவதால், 4 < ய < 18 என்பதே முடிவு. 4 அங்குலம் என்று வைத்தால் மூன்று பக்கங்களும் ஒரே நேர்கோட்டில் படுத்துவிடும், முக்கோணம் அமையாது என்பதைத் தாளில் வரைந்து பார்ப்போருக்கு, எல்லைகள் ஏன் விலக்கப்பட்டன என்பது தெளிவாகும்.

அன்றாட வாழ்க்கையிலிருந்து மற்றொன்று. தடுப்பூசி மருந்துகளில் பெரும்பாலானவற்றை 2 முதல் 8 டிகிரி செல்சியஸ் வரையுள்ள குளிரில் காத்துவைக்க வேண்டும் என்பது உலக சுகாதார நிறுவனம் வகுத்த நெறி. ஃபாரன்ஹீட் அளவையைக் காட்டும் வெப்பமானி ஒன்றே கைவசம் உள்ளதாயின், அதில் எந்த அளவுகளுக்கு இடையே முள் நிற்கவேண்டும்? ஃபாரன்ஹீட் அளவை ப என்றும் செல்சியஸ் அளவை ச என்றும் கொண்டால் ச = 5(ப − 32)/9 என்பதை அறிவோம். ஆகவே,

2 ≤ 5(ப − 32)/9 ≤ 8

மூன்று பகுதிகளையும் 9 ஆல் பெருக்கி 5 ஆல் வகுத்தால் 3.6 ≤ ப − 32 ≤ 14.4, 32 ஐக் கூட்டினால் 35.6 ≤ ப ≤ 46.4. பெருக்கியதும் வகுத்ததும் மிகை எண்களாலேயாதலால் குறிகள் அசையவில்லை.

இனி ‘அல்லது’ என்னும் இணைப்பு. இக்கணக்குகளில் பிழை நேர்வது பெரும்பாலும் கூட்டல் கழித்தலில் அன்று. இணைப்புச் சொல்லைக் கவனியாமையில்தான். ‘அல்லது’ என்றால் இரு நிபந்தனைகளில் ஒன்றேனும் உண்மையானால் போதும். இரண்டும் உண்மையாயினும் குற்றமில்லை. காப்பி வேண்டுமா, தேநீர் வேண்டுமா என்று வினவும்போது ஒன்றைத்தான் தேர்ந்துகொள்ள வேண்டும் என்று நாம் கருதுவதுண்டு. கணித சாஸ்திரத்தில் அந்தக் கட்டுப்பாடு இல்லை. ஆகவே விடை, இரு தீர்வுக் கணங்களையும் ஒன்றுசேர்த்த கணம், அதாவது அவற்றின் சேர்ப்பு.

2ய + 7 < 1 அல்லது 5 − ய ≤ 1 என்பதைத் தீர்ப்போம். முதலாவது ய < −3 என்றாகிறது. இரண்டாவதில் 5 ஐக் கழித்து −ய ≤ −4 என்றும், குறியைத் திருப்பி ய ≥ 4 என்றும் பெறுகிறோம். விடை: ய < −3 அல்லது ய ≥ 4. எண்கோட்டில் இது ஒன்றையொன்று விட்டு விலகி எதிரெதிர்த் திசைகளில் ஓடும் இரு கதிர்களாகத் தோன்றும். இதனை 4 ≤ ய < −3 என்று தொடராகச் சுருக்குவது பெரும்பிழை. தொடர் என்பது ‘மற்றும்’ என்பதற்கே உரியது, ‘அல்லது’ என்பதற்குத் தொடர் வடிவம் கிடையாது. இரு கதிர்கள் ஒன்றையொன்று தழுவும் நிலையும் உண்டு: ய < 5 அல்லது ய > 2 என்றால், எந்த மெய்யெண்ணும் இவற்றில் ஒன்றையேனும் நிறைவேற்றுமாதலால், எண்கோடு முழுவதுமே விடை. அதே இரு நிபந்தனைகளை ‘மற்றும்’ என்று இணைத்திருந்தால் விடை 2 < ய < 5 என்று குறுகியிருக்கும். ஒரே சொல் மாறியதால் விடை எவ்வளவு மாறிவிட்டது என்பதை நோக்குக.

இவ்விரு இணைப்புகளுக்கும் நெருங்கிய உறவு ஒன்று உண்டு. அதனைத் தெளிவாக வகுத்துரைத்தவர் 1806-இல் நம் மதுரையில் பிறந்து, குழந்தைப் பருவத்திலேயே இங்கிலாந்துக்குக் கொண்டுசெல்லப்பட்டு, 1828-இல் லண்டன் பல்கலைக்கழகத்தின் கணிதப் பேராசிரியரான அகஸ்டஸ் டி மார்கன். ‘மற்றும்’ என்று இணைத்த வாக்கியத்தை மறுத்தால், இணைப்பு ‘அல்லது’ என்றும், ஒவ்வொரு நிபந்தனையும் தனித்தனியே அதன் மறுப்பாகவும் மாறும். ‘அல்லது’ என்று இணைத்ததை மறுத்தால் ‘மற்றும்’ வரும். தடுப்பூசிக் கணக்கையே எடுத்துக்கொள்வோம். மருந்து முறையாகக் காக்கப்பட்டது என்பது 2 ≤ ச ≤ 8. முறைதவறியது என்பதை எவ்வாறு எழுதுவது? ச < 2 அல்லது ச > 8 என்றுதான். ‘மற்றும்’ என்று எழுதினால், ஒரே வேளையில் 2 க்குக் கீழும் 8 க்கு மேலும் இருக்கும் வெப்பநிலை ஏதும் இல்லையாதலால், எந்த மருந்தும் ஒருபோதும் முறைதவறியதாகாது என்னும் விபரீத முடிவுக்கு வந்துவிடுவோம். வெப்பம் மிகுந்தால் மட்டுமே கேடு என்று எண்ணி மேல் எல்லையை மட்டும் கவனிப்பதும் தவறே. தெட்டனஸ், ஹெபடைட்டிஸ்-பி ஆகியவற்றுக்கான தடுப்பூசி மருந்துகள் உறைந்துபோனால் வீரியத்தை இழந்துவிடும். மறுக்கும்போது ≤ என்பது > ஆகவும், ≥ என்பது < ஆகவும் மாறுவதால், எல்லை எண்கள் இரு பக்கங்களில் ஒன்றுக்கு மட்டுமே உரியவையாகின்றன என்பதையும் கவனிக்க.

மட்டு மதிப்பைக் கொண்ட அசமன்பாடுகள் இதுவரை கண்டவற்றின் வேறு வடிவங்களே. ஓர் எண்ணின் மட்டு மதிப்பு பூஜ்யத்திலிருந்து அதன் தூரம். |2ய − 3| ≤ 7 என்றால், 2ய − 3 என்பது பூஜ்யத்திலிருந்து 7 அலகுக்கு மேல் விலகவில்லை. ஆகவே −7 ≤ 2ய − 3 ≤ 7, அதிலிருந்து −2 ≤ ய ≤ 5. |2ய − 3| > 7 என்றால் 2ய − 3 < −7 அல்லது 2ய − 3 > 7. அதிலிருந்து ய < −2 அல்லது ய > 5. இரண்டாவது முதலாவதன் மறுப்பு என்பதை டி மார்கனின் விதி உடனே காட்டிவிடும்.

பயிற்சிக்கு ஆறு கணக்குகளைத் தருகிறேன். ஒவ்வொன்றுக்கும் எண்கோடு வரைந்து, எல்லைகளைச் சோதித்த பின்னரே அடுத்ததற்குச் செல்லவேண்டும். முதலாவது 4 ≤ 3ய − 2 < 19. இரண்டாவது −7 < 5 − 4ய ≤ 17. மூன்றாவது 2ய + 1 ≥ 9 மற்றும் ய − 6 > 1. நான்காவது 3 − ய > 5 அல்லது 2ய − 3 ≥ −5. ஐந்தாவது |3ய + 6| < 12. ஆறாவது, முக்கோணம் ஒன்றின் பக்கங்கள் ய, ய + 2, 10 அங்குலங்கள் எனில் ய எந்த எல்லைக்குள் இருக்கவேண்டும் என்பது.

விடைகள் முறையே: 2 ≤ ய < 7, −3 ≤ ய < 3, ய > 7, ய < −2 அல்லது ய ≥ −1, −6 < ய < 2. ஆறாவதில் எழும் மூன்று நிபந்தனைகளில், ய + 10 > ய + 2 என்பதும் ய + 2 + 10 > ய என்பதும் ய எதுவாயினும் உண்மையானவை. எஞ்சிய ய + ய + 2 > 10 என்பது ய > 4 என்கிறது. மேல் எல்லை ஏதும் இல்லை: பக்கங்கள் 1000, 1002, 10 அங்குலங்கள் என்றாலும் முக்கோணம் அமையும்.